நடுங்கிக்கொண்டே இறங்குவது வீரமில்லை!

"தமிழ்நாட்டுல சைக்கிள் ஓட்டுறவனுக்குக் குளிரைப் பத்தி என்னய்யா கவலை?" என்று கேட்கிறவர்கள் எல்லோரும் கையைத் தூக்குங்கள். சென்னைக்காரர்கள் மொத்தப் பேரும் தூக்கியிருப்பீர்கள். தப்பே இல்லை. உங்களுக்கு டிசம்பர் என்பது மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைக்கிற மாதம் :-)

ஆனால் கோயம்புத்தூர்ப் பக்கம் ரோடு பைக் வைத்திருக்கிறவனுக்குக் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் கிளம்பினால் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பர்லியாறு, குன்னூர், ஊட்டி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டரில் ஆரம்பித்து 2,200 மீட்டருக்கு மேல் ஏறுகிற, ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் வருகிற பாதை. நம் ஊரில் சைக்கிளுக்குப் பேர் வைத்தவன் எவனும் ஒரு தடவையாவது ஏறிப் பார்க்க ஆசைப்படுகிற மலை அது. இந்தப் பதிவு ஏறுவதைப் பற்றி இல்லை. இறங்குவதைப் பற்றி. அதுவும் மார்கழியிலும் தையிலும் இறங்குவதைப் பற்றி.

எங்கள் ஊர் சைக்கிள் கூட்டங்களில் ஒரு மந்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "குளிரெல்லாம் மனசுலதான் தம்பி." அரைக்கை ஜெர்சியும் அரைக்கால் டிரவுசருமாய் மலையேறி, அதே கோலத்தில் நடுங்கிக்கொண்டே இறங்கி வருகிறவன் வீரன். பையில் ஒரு ஜாக்கெட் எடுத்து வருகிறவன் பூஞ்சை. குல்லா போட்டால் "என்ன, பாட்டி பின்னிக் குடுத்ததா?" என்று கிண்டல். இதைச் சொல்கிற அண்ணன்கள் நல்லவர்கள்தான். பஞ்சர் ஒட்டிக் கொடுப்பார்கள், வாழைப்பழம் வாங்கித் தருவார்கள். ஆனால் அவர்கள் சொல்கிற இந்த ஒரு விஷயம் சுத்தப் பொய். ஆளைக் கொல்லக்கூடிய பொய். அதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்து மேயப் போகிறேன்.

முதலில் வரவு செலவு

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே பாஷை வரவு செலவு. அதிலேயே சொல்கிறேன்.

சைக்கிள் மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கிற ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மிச்சம் முக்கால் பங்கும் சூடாக வெளியே வருகிறது. 200 வாட் சக்தியில் மலையேறுகிறவன் உடம்பு 600 வாட் அளவுக்குச் சூட்டை உற்பத்தி பண்ணிக்கொண்டிருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி. அதனால்தான் குன்னூர் ஏற்றத்தில் பனிமூட்டத்துக்கு நடுவிலும் வேர்த்து ஊற்றுகிறது. அப்போது யாராவது "குளிருதா?" என்று கேட்டால் சிரிப்புதான் வரும். ஏறுகிற வரைக்கும் அண்ணன்கள் சொல்வது சரி.

உச்சிக்குப் போய் வண்டியைத் திருப்பியதும் என்ன ஆகிறது? மிதிப்பது நின்றுவிடுகிறது. உடம்பு சும்மா இருக்கும்போது தருகிற சூடு சுமார் 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று. வரவு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. செலவு குறைந்ததா? இல்லை, ஏறியிருக்கிறது. பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறியவன் இப்போது நாற்பதில் இறங்குகிறான்.

காற்றடிக்கும்போது உடம்புக்கு எத்தனை டிகிரி மாதிரித் தெரியும் என்று கணக்குப் போட அமெரிக்காவிலும் கனடாவிலும் 2001 முதல் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அதில் போட்டுப் பார்த்தேன். வெளியே 8 டிகிரி என்றால், பத்து கிலோமீட்டர் வேகத்தில் முகத்துக்கு 6 டிகிரி மாதிரி இருக்கும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் 3 டிகிரி. இதுகூடக் காய்ந்த தோலுக்கான கணக்கு. நம்ம ஆள் ஏறும்போது வேர்த்துத் தொப்பலாக நனைந்திருக்கிறான். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆவியாகும்போது வேறு தனியாகச் சூட்டைப் பிடுங்கும்.

8 டிகிரி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமாராக ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூட பூகோளம். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் 1,900 மீட்டர். கீழே 20 என்றால் மேலே 8. இது நல்ல நாள் கணக்கு. ஜனவரி அதிகாலையில் தலைக்குந்தாவில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கிற போட்டோவை வருஷா வருஷம் பேப்பரில் பார்க்கிறோமே, அந்த நாட்களில் கேட்கவே வேண்டாம்.

ஆக, ஏறும்போது வந்த தைரியத்தை வைத்து இறங்கப் போவதை முடிவு பண்ணக் கூடாது. போன வருஷ இலாபத்தைக் காட்டி இந்த வருஷக் கடனை அடைக்கிறேன் என்கிற மாதிரி அது. "மனசுலதான்" என்கிற அண்ணன்களே, 600-லிருந்து 100-க்கு இறங்குவது மனசில் இல்லை. உடம்பில்.

குளிர் அல்ல, பிரேக்

சரி, குளிருது. நடுங்கிட்டுப் போகட்டும். வீட்டுக்குப் போய் சுக்குக் காப்பி குடிச்சா சரியாப் போச்சு. அப்படித்தானே?

இல்லை. குளிர் வந்தால் உடம்பு முதலில் கைவிடுவது விரல்களை. நடு உடம்பைக் காப்பாற்ற, கை கால் முனைகளுக்குப் போகிற ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். விரல் மரத்துப் போகும். விரலை மடக்குகிற பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அரைக்கை ஜெர்சியில் அந்த முன்கை முழுக்கக் காற்றில் கிடக்கிறது. அதுவும் விறைத்தால் பிடியில் பலம் போய்விடும். சைக்கிளில் பிரேக் எங்கே இருக்கிறது? கையில். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை எத்தனை கொண்டை ஊசி வளைவு? பதினாலு. எதிரே என்ன வரும்? டூரிஸ்ட் பஸ், காய்கறி லாரி, வளைவில் ஓவர்டேக் பண்ணுகிற வாடகைக் கார். தூறலும் சேர்ந்தால் ரிம் பிரேக் கட்டை முதலில் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் சக்கரத்தைப் பிடிக்கும். சரியாகப் பிடிக்க வேண்டிய நேரத்தில் விரல் மடங்கவில்லை என்றால் அங்கே வீரம் என்ன செய்யும்?

இது கற்பனைப் பயம் இல்லை. போன டிசம்பரில் எங்களோடு வந்த முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன், பெயர் வேண்டாம், அருவங்காடு தாண்டி இறங்கும்போது "அண்ணா, பிரேக் புடிக்க முடியல" என்று கத்தினான். பிரேக்கில் கோளாறு இல்லை. கையில். நல்ல வேளை, அந்த இடத்தில் சரிவு குறைவு. காலை ரோட்டில் தேய்த்து, மலைப்பக்க ஓரத்து மண்ணில் வண்டியை விட்டுச் சாய்ந்தான். பள்ளத்தாக்குப் பக்கம் போயிருந்தால் இந்தப் பதிவை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும். ஹெல்மெட் வாரைக் கழற்றக்கூட அவனால் முடியவில்லை. நான்தான் கழற்றினேன். பக்கத்து டீக்கடை அக்கா அவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, ஒரு சொட்டரு எடுத்துட்டு வரக் கூடாதா? உங்கம்மா சொல்லி அனுப்பலையா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் இருந்த அறிவு எங்கள் கூட்டத்தில் யாருக்கும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் என்ன வந்தது தெரியுமா? அவன் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுங்குகிற போட்டோ. கீழே சிரிப்புப் பொம்மைகள் இருபத்தேழு. "அடுத்த வாட்டி ஹீட்டர் எடுத்துட்டு வா தம்பி" என்று ஒரு பெரிய மனுஷர். அந்தப் பையன் அதற்கப்புறம் எங்களோடு வரவில்லை. நல்ல வேகம் உள்ள பையன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரித்திரத்தைக் கூப்பிடாதீர்கள், அது என் பக்கம்

இந்த விவாதம் வந்தாலே யாராவது ஒருவர் பெர்னார்ட் இனோவை இழுத்து வருவார். 1980 ஏப்ரல், பெல்ஜியத்தில் லியேஜ்-பாஸ்தோன்-லியேஜ் பந்தயம். பனி கொட்டுகிறது. பிரெஞ்சுக்காரர் இனோ தனியாளாகப் பிய்த்துக்கொண்டு போய் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். "பாத்தியா, அதான் ஆம்பளை."

பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன். அன்றைக்குக் கிளம்பியவர்கள் 174 பேர். முடித்தவர்கள் 21. மிச்சம் 153 பேரும் பூஞ்சைகளா? அத்தனை பேரும் சைக்கிள் மிதித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள். இனோவின் விரல்களில் அந்தக் குளிரின் பாதிப்பு அதற்கப்புறமும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இன்னொன்று. அன்றைய படங்களைத் தேடிப் பாருங்கள். இனோ தலையிலும் காதிலும் சிவப்புக் கம்பளிக் குல்லா. பாட்டி பின்னிக் கொடுத்ததா என்று அவரிடம் கேட்டுப் பாருங்களேன்!

அடுத்தது 1988 ஜூன் 5. இத்தாலி சுற்றுப் பந்தயம், காவியா கணவாய், 2,600 மீட்டருக்கு மேல். ஜூன் மாதத்தில் பனிப்புயல். முதல் ஆளாக உச்சியைத் தாண்டியவர் ஹாலந்து நாட்டு யோஹான் ஃபான் டெர் ஃபெல்டே. அரைக்கை ஜெர்சியில்! நம்ம அண்ணன்கள் பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பார்கள். அப்புறம் என்ன ஆச்சு? இறக்கத்தில் விறைத்துப் போய், ஒதுங்கிச் சூடேற்றிக்கொண்டு, முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கி வந்து சேர்ந்தார். அன்றைக்குத் தலைமையின் இளஞ்சிவப்புச் சட்டையைப் பிடித்தவர் ஆண்டி ஹாம்ப்ஸ்டன். கடைசியில் பந்தயத்தையே ஜெயித்து, இத்தாலி சுற்றை வென்ற முதல் அமெரிக்கர் ஆனார். அவருடைய குழு முன்கூட்டியே பனிச்சறுக்குக் கடைகளில் புகுந்து கையுறை, குல்லா, கம்பளி என்று அள்ளிக்கொண்டு வந்திருந்தது. உச்சிக்குப் பக்கத்தில் சூடான டீ தயாராக வைத்திருந்தது.

ஒரே மலை, ஒரே பனி. வீரம் காட்டியவர் வண்டியை விட்டு இறங்கினார். சொட்டர் எடுத்து வந்தவர் மகுடம் சூடினார். குன்னூர் டீக்கடை அக்காவும் 1988-ன் அந்த அமெரிக்கக் குழுவும் ஒரே கட்சி.

2013-ல் மிலான்-சான் ரேமோ பந்தயத்தில் பனி கொட்டியபோது வீரர்களைப் பாதி வழியில் பஸ்ஸில் ஏற்றி, கணவாயைத் தாண்டி இறக்கிவிட்டார்கள். 2016 முதல் சர்வதேச சைக்கிள் சம்மேளனமே மோசமான வானிலைக்கென்று நடைமுறை ஒன்றை வைத்திருக்கிறது. குளிரும் பனியும் அளவு மீறினால் பாதையை மாற்றலாம், பந்தயத்தையே ரத்து செய்யலாம். கோடிக்கணக்கில் பணம் புரள்கிற இடத்திலேயே "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்ல வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிடப் போகிற நமக்கு இல்லையாம்!

மலைக்காரர்களைப் பாருங்கள்

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஊட்டியில் பிறந்து வளர்ந்தவர் யாராவது ஜனவரி காலையில் அரைக்கைச் சட்டையோடு நின்று பார்த்திருக்கிறீர்களா? பால் ஊற்றப் போகிறவர், தேயிலை பறிக்கப் போகிறவர், பஸ் ஓட்டுகிறவர், எல்லோரும் காதை மூடியிருப்பார்கள். குளிரோடு தினம் குடித்தனம் நடத்துகிறவர்கள் அதற்கு மரியாதை கொடுக்கிறார்கள். வாரம் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற நாம்தான் மார் தட்டுகிறோம். சமவெளித் தமிழனுக்கே "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லி வைத்த பாட்டிகள் உண்டு. அந்தப் பாட்டி பின்னிய குல்லாவைத்தான் கிண்டல் பண்ணுகிறோம்.

பின்லாந்தில் ஔலு என்று ஒரு ஊர், ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. பனிக்காலத்திலும் குழந்தைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவார்கள். அவர்கள் மனசு இரும்பு என்பதால் இல்லை. நகராட்சி சைக்கிள் பாதையில் பனியைத் தள்ளிச் சுத்தமாக வைக்கிறது. அம்மா கையுறை மாட்டி அனுப்புகிறாள். அவ்வளவுதான் ரகசியம்.

எதிர்த் தரப்பு வியாபாரிகள்

இங்கே நியாயத்துக்கு இன்னொரு கூட்டத்தையும் திட்டியாக வேண்டும். "அப்ப ஜாக்கெட் வாங்கணுமா?" என்று கேட்டுக் கடைக்குப் போனால், ஒரு செமஸ்டர் பீஸை விழுங்குகிற வெளிநாட்டு ஜாக்கெட்டைக் காட்டுவார்கள். மூன்று அடுக்கு, நான்கு அடுக்கு, அதற்குத் தனிச் சோப்பு. இது இல்லாமல் மலைக்குப் போகாதே என்பார்கள். இந்தக் கூட்டம்தான் அந்தக் கூட்டத்தை வளர்க்கிறது. காசில்லாத பையன் என்ன செய்வான்? "குளிர் மனசுலதான்" என்பது இலவசமாகக் கிடைக்கிறதே, அதை எடுத்துக்கொள்கிறான்.

வேண்டியதெல்லாம் நாலு விஷயம்தான். காற்று புகாத மெல்லிய மேல்சட்டை ஒன்று. மடித்தால் ஜெர்சியின் முதுகுப் பையில் அடங்கும். மழைக்கோட்டும் ஆகும். விரல் முழுக்க மூடுகிற கையுறை ஒரு ஜோடி. ஊட்டி திபெத்தியர் கடைகளில் பேரம் பேசி வாங்கலாம், காய்கறிக் காசுதான். பாலித்தீன் பையில் சுற்றிய காய்ந்த பனியன் ஒன்று, பருத்தி வேண்டாம், அது நனைந்தால் காயவே காயாது. நாலாவது, செய்தித்தாள். ஆமாம், பேப்பர்தான். டூர் தெ பிரான்ஸில் கணவாய் உச்சியில் பேப்பர் வாங்கி ஜெர்சிக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்குவது காலங்காலமாக இருக்கிற பழக்கம். காற்றை அது தடுக்கும். எந்த டீக்கடையிலும் நேற்றைய பேப்பர் கிடைக்கும். சினிமாப் பக்கத்தை நெஞ்சுப் பக்கம் வைத்தால் கூடுதல் கதகதப்பு, ஹி ஹி.

உச்சியில் செய்ய வேண்டியதும் எளிது. போட்டோ பிறகு. முதலில் நனைந்த பனியனை மாற்று, பேப்பரைச் செருகு, மேல்சட்டையின் ஜிப்பைக் கழுத்து வரை இழு, கையுறை மாட்டு. சூடாக ஒரு டீ. குடித்ததும் கிளம்பு. அரை மணி நேரம் அரட்டை அடித்தால் இருக்கிற சூடும் போய்விடும். இறங்கும்போது விரலை மடக்கி மடக்கி நீட்டிப் பார். மடங்கவில்லை என்றால் நில். நடுக்கம் நிற்காமல் அடிக்கிறது, பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறது என்றால் அதற்குமேல் சைக்கிள் இல்லை. வண்டியை டெம்போவில் ஏற்று, ஆளைச் சூடான இடத்துக்கு, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. உள் உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே போவது கிண்டல் பண்ணுகிற சமாச்சாரம் இல்லை.

கணக்குப் பாடம் ஒன்று

எங்களுக்குப் பதினோராம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்த ஒரு கொள்கை உண்டு. முன்னெச்சரிக்கைக் கொள்கை. வரக்கூடிய இலாபத்தை வருவதற்கு முன்னால் கணக்கில் எழுதாதே. வரக்கூடிய நட்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. அதனால்தான் எவ்வளவு பெரிய கம்பெனியும் வாரா ஐயக்கடனுக்கு ஒதுக்கு வைக்கிறது. வாடிக்கையாளர் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்பதால் இல்லை. ஒருத்தர் ஏமாற்றினாலும் கடை மூழ்கக் கூடாது என்பதால். அப்படி ஒதுக்கு வைக்கிற முதலாளியைப் பயந்தாங்கொள்ளி என்று எந்த ஆடிட்டரும் சொன்னதில்லை. வைக்காதவனைத்தான் கேள்வி கேட்பார்.

முதுகுப் பையில் இருக்கிற அந்த மேல்சட்டை ஐயக்கடன் ஒதுக்கு. அவ்வளவுதான். பத்து தடவை சும்மா சுமந்து போய் வருவீர்கள். பதினோராவது தடவை அது உங்கள் விரலாக இருக்கும், பிரேக்காக இருக்கும், வீட்டில் காத்திருக்கிற அம்மாவுக்கு நீங்கள் அடிக்கிற "வந்துட்டேன்மா" போனாக இருக்கும்.

எனவே அண்ணன்களே, எனக்கு உங்களிடம் வேண்டியது ஒன்றுதான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மலைக்குக் கூட்டிப் போகும் எந்தப் பயணத்திலும், மேட்டுப்பாளையத்திலேயே ஹெல்மெட்டைப் பார்ப்பது போலப் பையைப் பாருங்கள். மேல்சட்டையும் கையுறையும் இல்லாதவன் பர்லியாறு வரை வந்து திரும்பட்டும். உச்சியில் "எனக்கு முடியல, நான் வேன்ல வர்றேன்" என்று ஒருத்தன் சொன்னால், சைக்கிளைத் தூக்கி ஏற்ற முதல் கை உங்களுடையதாக இருக்கட்டும். போட்டோ எடுக்கிற கை வேண்டாம்.

"முடியாது, குளிர் மனசுலதான்" என்றே இன்னும் சொல்கிறவர்களுக்கு ஒரு யோசனை. மனசுதானே? குன்னூரிலிருந்து மனசாலேயே பிரேக் பிடித்து இறங்கி வாருங்கள். கீழே காந்தல் இல்லாத ரோஸ்ட்டும் சூடான காப்பியும் என் செலவு. ஆனால் பையனைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.